ருடொல்ப் டீசலும் தாவர எண்ணெயும்

டீசல் என்பது நம்மில் பலருக்கு ஓர் எரிபொருளின் பெயர் மட்டுமே. உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் நாடே வரிசையில் நின்றபோது, வயலையும் கடலையும் நம்பி வாழும் அட்டாளைச்சேனை போன்ற ஊர்களுக்கு அந்தப் பெயரின் பெறுமதி நன்கு விளங்கியது. உழவு இயந்திரத்தைத் தேங்காய் எண்ணெயில் ஓட்ட முடியாதா என்ற கேள்வி இத்தகைய காலங்களில் எழுவது இயல்பே. அதற்கான விடையின் ஒரு பாதி அம்மனிதரின் வாழ்க்கையிலேயே அடங்கியிருக்கிறது.

ருடொல்ப் டீசல் 1858 மார்ச் 18 ஆம் திகதி பரிஸ் நகரில், ஜேர்மனியின் பவேரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். 1870 இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதால் அக்குடும்பம் இலண்டனுக்கு இடம்பெயர்ந்தது. பன்னிரண்டே வயதான சிறுவன், அங்கிருந்து அவுக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பின்னர் மியூனிச் தொழில்நுட்பக் கல்லூரியில், குளிரூட்டும் இயந்திரங்களில் புகழ்பெற்ற கார்ல் வொன் லிண்டேயிடம் கற்றார். நீராவி இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்ற உண்மை, மாணவப் பருவத்திலேயே அவரது மனதில் ஆழப் பதிந்தது.

காற்றை மட்டும் சிலிண்டருக்குள் கடுமையாக அழுத்தினால் அது கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைச் செலுத்தினால் தீப்பொறியின்றியே தானாகப் பற்றும். இதுவே அவரது எண்ணம். 1892 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893 ஓகஸ்டில் அவுக்ஸ்பர்க் ஆலையில் நடந்த முதற் பரிசோதனையில் வெடிப்பு நிகழ்ந்து, அவர் மயிரிழையில் உயிர் தப்பினார். ஆயினும் முயற்சியைக் கைவிடவில்லை. 1897 பெப்ரவரியில் நடந்த அதிகாரபூர்வப் பரிசோதனையில், அவரது இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 26 வீதத்தைப் பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி இயந்திரங்கள் பொதுவாக அதில் பாதியைக்கூட எட்டியிருக்கவில்லை.

1900 ஆம் ஆண்டு பரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பார்த்தவர்களில் சிலருக்கே அது தெரிந்திருந்தது என்று டீசல் பிற்காலத்தில் குறிப்பிட்டார். தன் ஆபிரிக்கக் குடியேற்றங்களில் விளையும் கடலையைக் கொண்டே அங்கு இயந்திரங்களை ஓட்ட முடியுமா என்பதை அறிய பிரெஞ்சு அரசாங்கம் விரும்பியதே அதன் பின்னணி. தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் டீசலும் தாவர எண்ணெய்களைப் பரிசோதித்தார். அவை என்றோ ஒருநாள் பெற்றோலியத்துக்கு நிகரான முக்கியத்துவம் பெறலாம் என்று 1912 இல் எடுத்துரைத்தார்.

அந்த நாளைக் காண அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. காப்புரிமை வழக்குகளும் தவறிப்போன முதலீடுகளும் அவரைக் கடனில் ஆழ்த்தின. 1913 செப்டெம்பர் 29 ஆம் திகதி இரவு, அன்ட்வேர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச் நோக்கிச் சென்ற டிரெஸ்டன் என்ற கப்பலிலிருந்து அவர் காணாமற் போனார். ஏறத்தாழ பத்து நாட்களின் பின் நெதர்லாந்துப் படகொன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. அதிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்களை அவரது மகன் அடையாளம் காட்டினார். அது தற்கொலையா, விபத்தா, கொலையா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

அவர் மறைந்த பின் இயந்திரம் மாறியது. டீசலின் காலத்தில் அழுத்திய காற்றே எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊதிச் செலுத்தியது. தடித்த எண்ணெயையும் அது ஓரளவு சமாளித்தது. 1927 இல் பொஷ் நிறுவனம் இன்ஜெக்டர் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டு வந்ததன் பின், நுண்ணிய துளைகளூடாக மெல்லிய பெற்றோலிய டீசலைப் பீய்ச்சுவதற்கென்றே இயந்திரங்கள் வடிவமைக்கப்பட்டன. இன்று நம் வயல்களில் ஓடுபவை இவ்வழி வந்தவையே. பரிஸில் ஓடியது என்பதால் இங்கும் ஓடும் என்று எண்ணெயை அப்படியே தாங்கியில் ஊற்றுவது தவறாகும்.

தாவர எண்ணெய் டீசலைவிட சுமார் பத்து மடங்கு தடித்தது. ஆதலால் அதை 70, 80 பாகை வரை சூடாக்கிய பின்பே பம்புக்கு அனுப்ப வேண்டும். டீசலில் இயக்கத்தைத் தொடங்கி, சூடேறிய பின் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மீண்டும் டீசலுக்குத் திரும்ப இரண்டு தாங்கிகள் தேவை. கடலை எண்ணெய் போன்றவை பற்றிக்கொள்ளச் சற்றுத் தாமதிப்பதால், பம்பின் டைமிங்கை ஓரிரு பாகை முன்தள்ளுவது வழக்கம். ஒற்றைச் சிலிண்டர் இயந்திரங்கள் பலவற்றில் பம்பின் அடியிலுள்ள மெல்லிய தகடுகளில் ஒன்றைக் குறைத்தால் எண்ணெய் முந்திப் பாயும், கூட்டினால் பிந்தும். பெரிய இயந்திரங்களில் பம்பின் உடலையே சிறிது திருப்புவார்கள்.

அளவுக்கு மிஞ்சி முன்தள்ளினால் இயந்திரம் தட்டும். பிஸ்டனும் பெயரிங்கும் அடிபடும். பிந்தினால் புகை கக்கி வலுக் குறையும். தேங்காய் எண்ணெயோ ஏனையவற்றைவிட விரைவில் பற்றுவது. 24, 25 பாகைக்குக் கீழே உறைவது. எனவே கடலை எண்ணெய்க்கான டைமிங்கை அதற்கு அப்படியே பொருத்துவது பொருந்தாது. தயாரிப்பாளர் குறித்த அளவை முதலில் அடையாளமிட்டு வைத்து, சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பதே விவேகம். எல்லாம் சரியாக அமைந்தாலும், இன்ஜெக்டரில் கரி படிவதையும் என்ஜின் ஒயில் தடிப்பதையும் இடைவிடாது கவனித்தாக வேண்டும்.

நம் விவசாயிக்கும் மீனவருக்கும் இயந்திரமே முதலீடு. அதனை ஒரு வார நெருக்கடிக்காகப் பாழாக்கிவிட முடியாது. உள்ளூரில் விளைவதைக் கொண்டே உள்ளூர் இயந்திரத்தை ஓட்டலாம் என்ற டீசலின் நோக்கு பிழையானதன்று. ஆனால் அதற்கான ஆயத்தம் எரிபொருள் வரிசையில் நிற்கும் நாளில் அல்ல, தாங்கி நிரம்பியிருக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும்.