தத்துவ போதகர் சுவாமிகள்

கோவில், குரு, பூசை, வேதம், பிரசாதம் ஆகிய சொற்களை நம் குடியிருப்பில் சைவரும் வைணவரும் கிறித்தவரும் ஒருங்கே வழங்கி வருகின்றனர். ஞாயிறு காலையில் கிறித்தவக் குடும்பத்தார் கோவிலுக்குப் பூசை காணப் போவதாகக் கூறுங்கால், அச்சொற்கள் அவர்களிடம் எவ்வாறு வந்து சேர்ந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றைக் கிறித்தவ வழக்கில் நிலைநிறுத்தியவருள் முதன்மையானவர் மதுரையில் வாழ்ந்த இத்தாலியத் துறவி ஒருவர். இராபர்ட் டி நொபிலி என்பது அவர் இயற்பெயர். தத்துவ போதகர் என்பது தமிழகம் அறிந்த பெயர். சக்குபள்ளத்தில் வாழும் நம்மவருள் பலர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் மலையேறி வந்தோராதலின், அன்னார் வரலாறு நமக்கு அயல் வரலாறன்று.

அவர் செய்த காரியம் உலகிற்கு முற்றும் புதியதுமன்று. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன்னரே கிரேக்க நாகரிகம் பரவிய நாடுகளில் அது நிகழ்ந்திருந்தது. இயேசுவின் முதற் சீடர்கள் யூதர். ஆயினும் அவர்தம் நூல்கள் எழுதப்பட்ட மொழி கிரேக்கம். யோவான் எழுதிய நற்செய்தி லோகோஸ் என்னும் சொல்லோடு தொடங்குகிறது. தமிழ் விவிலியத்தில் அது வார்த்தை என வரும். உலகெங்கும் ஊடுருவி நின்று அதனை ஒழுங்குபெற நடத்தும் அறிவைக் குறிக்கக் கிரேக்க மெய்யியலாரும் அச்சொல்லையே ஆண்டனர். இரண்டாம் நூற்றாண்டில் பாலஸ்தீன நாட்டில் பிறந்த ஜஸ்டின் என்பார் ஸ்டோயிக்குகள், அரிஸ்டாட்டில் வழியினர், பித்தகோரஸ் வழியினர், பிளேட்டோ வழியினர் ஆகியோரிடம் மாறி மாறிப் பாடங் கேட்டு, இறுதியில் கிறித்தவரானார். ஆனபின்னும் மெய்யியலார் அணியும் போர்வையை அவர் களையவில்லை. சாக்ரட்டீஸ் போன்றோரிடமும் அந்த லோகோஸின் வித்து இருந்ததென்று எழுதினார். யூதர்க்கு மோசேயின் சட்டம் எத்தகையதோ, கிரேக்கர்க்கு மெய்யியல் அத்தகையது என்றார் அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட். இதனை விரும்பாதவரும் உளர். கார்த்தேஜின் தெர்த்துல்லியன் கிரேக்கக் கல்வியை வாயிலுக்கு வெளியே நிறுத்தவே முயன்றார். ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. பித்தகோரஸும் பிளேட்டோவும் கொண்டிருந்த மறுபிறப்புக் கொள்கையை ஜஸ்டின் ஏற்கவில்லை. சொல்லையும் வாதமுறையையும் கொண்டு, கொள்கையுள் வேண்டாததைத் தள்ளுவதே அன்னோர் நெறி.

இனி நம் சுவாமிகள் வரலாற்றுக்கு வருவோம். 1577-ல் இத்தாலியில் பிரபுக் குடும்பத்திற் பிறந்த நொபிலி, வீட்டார் விருப்பத்திற்கு மாறாக இயேசு சபையிற் சேர்ந்து, 1605 மே மாதம் கோவா வந்திறங்கினார். கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் சில காலம் தங்கித் தமிழ் கற்று, 1606-ன் இறுதியில் நாயக்கர் ஆட்சியிலிருந்த மதுரையை அடைந்தார்.

அங்கே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் பதினொரு ஆண்டுகளாக உழைத்துவந்தார். மருந்து கொடுத்தார், பள்ளி நடத்தினார். நல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மதுரை நகரத்தாருள் ஒருவரும் அவர் நெறியிற் சேரவில்லை. கிறித்தவன் என்றால் பரங்கி, பரங்கி என்றால் மாட்டிறைச்சியும் மதுவும் உண்பவன் என்றே ஊரார் கருதினர். வேதத்தில் சேருவது பரங்கிக் குலத்திற் சேருவதே என்றானபின் எவர் சேர்வர்?

நொபிலி தாம் பரங்கியல்லர் என்று அறிவித்துத் தனியே குடிசை அமைத்துக்கொண்டார். காவியுடுத்தார், மரப் பாதக்குறடு பூண்டார், புலாலை விட்டு ஒரு பொழுதே சோறும் கீரையும் உண்டார். சில காலம் சிலுவை கோத்த பூணூலும் அணிந்தார். பள்ளி ஆசிரியர் ஒருவர் அவரோடு பலநாள் வாதிட்டு, பின்னர் அவருடைய முதல் மாணாக்கரானார். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணர் அவருக்கு வடமொழியும் வேதமும் கற்பித்தார். அயலானுக்கு வேதம் ஓதுவித்தல் அக்காலத்தில் எத்துணை இடருக்கு உரியதென்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. சிவதருமரே 1609-ல் திருமுழுக்குப் பெற்றார்.

கற்றதனைக் கொண்டு அவர் தமிழில் உரைநடை நூல்கள் இயற்றினார். தமிழில் உரைநடை அருகியிருந்த காலம் அது. ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம், புனர்ஜென்ம ஆட்சேபம் முதலியன அவற்றுட் சில. ஆன்மா யாது, உடலோடு அஃது எவ்வாறு கூடி நிற்கிறது, உடல் வீழ்ந்தபின் அழியாதிருப்பது எங்ஙனம் என்று அவர் ஆராயும் முறை, ரோமாபுரியில் அவர் பயின்ற தாமஸ் அக்வினாஸின் முறை. அக்வினாஸோ அரிஸ்டாட்டிலின் வழி நின்றவர். ஆகவே ஏதென்சில் பிறந்த வாதமொன்று ரோமாபுரி வழியாக வைகைக்கரைக்கு வந்து, வடசொல் மிகுந்த தமிழில் ஏட்டிலேறியது எனலாம். கடவுளைத் தம்பிரான் என்று முன்னோர் எழுதிவந்த இடத்தில் அவர் சருவேசுரன் என்று எழுதினார். ஜஸ்டினைப் போலவே அவரும் மறுபிறப்பை மறுத்தார். ஜஸ்டின் மறுத்தது கிரேக்கரை, இவர் மறுத்தது நம் முன்னோரை. அம்மறுப்பை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உரிமை. இந்நூல்களை 1960-களில் ச. இராசமாணிக்க அடிகளார் ஆராய்ந்து தூத்துக்குடியிலிருந்து மீண்டும் அச்சேற்றினார்.

பெரிய இடர் சொந்தச் சபைக்குள்ளிருந்தே வந்தது. நொபிலி கிறித்தவ நெறியை இந்து நெறியாக்கிவிட்டார் என்று 1610-ல் பெர்னாந்தஸ் மேலிடத்துக்கு முறையிட்டார். உறவினராகிய கர்தினால் பெல்லார்மீனே செய்தி கேட்டு மனம் வருந்தி, விளக்கம் கண்ட பின்னரே தெளிந்தார். நொபிலி இலத்தீனில் நீண்ட விடைகள் எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்தின் அடையாளங்களேயன்றி வழிபாட்டின் அடையாளங்களல்ல என்றும், பழங்காலத் திருச்சபை இத்தகைய வழக்கங்கள் பலவற்றை ஏற்றதென்றும் சான்று காட்டினார். 1619-ல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பான்மையோர் எதிர்த்தனர். கொடுங்கல்லூர்ப் பேராயர் ரோஸ் அவர்பக்கம் நின்றார். முடிவில் 1623 சனவரி 31-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவ்வழக்கங்களை நிபந்தனையோடு அனுமதித்தார். ஒரு மனுவுக்கு உத்தரவு வரப் பதின்மூன்று ஆண்டு! கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர்களாகிய நமக்கே இது சற்று மிகுதியாகத் தோன்றுகிறது.

ஈண்டு நம் கருத்தை மறைத்தல் தகாது. ஜஸ்டினின் போர்வை எவரையும் வாயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை. பூணூல் நிறுத்தியது. உயர்குலத்தார் வருதற்பொருட்டு நொபிலி மற்றைக் குலத்துக் கிறித்தவரினின்றும் விலகி வாழ்ந்தார். தனிக் கோவிலும் அமைத்தார். பாப்பரசரின் மடலிலேயே, உயர்குலத்தார் எளியோரை இகழலாகாதென்ற வேண்டுகோள் உண்டு. வேண்டுகோள் ஏட்டிலிருந்தது, பிரிவினையோ கோவிலுக்குள் பல தலைமுறை நிலைத்தது. தோட்ட லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்து, ஒரே மழையில் நனைந்து ஏலக்காய் பறிக்கும் நமக்கு இது பழங்கதையன்று. நொபிலிக்காக ஒன்று கூறலாம். அவர் காலத்திலேயே, 1640 முதல், பண்டார சுவாமிகள் எனப்பட்ட துறவியர் எல்லாக் குலத்தாரிடமும் செல்லும் முறை ஏற்பட்டது. பல்தசார் தா கோஸ்தா அவருள் முதல்வர். அதனால் எளியோர் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். ஆயினும் முதலில் இட்ட கோட்டை அஃது அழிக்கவில்லை என்பதே நம் எண்ணம்.

இடையில் சேந்தமங்கலம், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களிலும் அவர் போதித்தார். 1640-ல் மதுரையில் சிறைப்பட்டுப் பல மாதம் துன்புற்றார். முதுமையில் மதுரையை விட்டு யாழ்ப்பாணமும், பின் மயிலாப்பூரும் சென்று, அங்கும் குடிசையிலேயே கீரையுணவோடு வாழ்ந்தார். கண்ணொளி மங்கியபின் பிறரைக்கொண்டு தம் நூல்களை எழுதுவித்துத் திருத்தினார். 1656 சனவரி 16-ல் எழுபத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

அவர் வழக்கு அவரோடு முடியவில்லை. 1704-ல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் அவ்வழக்கங்கள் பலவற்றைத் தடுத்தார். 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தடையை உறுதி செய்தார். அவற்றைக் கைக்கொள்ளோம் என்று இந்நாட்டிற்கு வரும் குருமார் உறுதிமொழி கூற வேண்டியிருந்தது. அவ்வுறுதிமொழி நீக்கப்பட்ட ஆண்டு 1940.