எதிர்விசையை ஏவல்கொண்டவர்

தோட்டா முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் இந்த உண்மையிலிருந்து எந்த ஆயுதமும் தப்ப முடியாது. கனமான தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கியில் அந்த உதைப்பு மணிக்கட்டைத் தாக்கும். குழலின் முனையை மேலே தூக்கும். அடுத்த குறியைத் தவறச் செய்யும். அந்த உதைப்பைச் சகித்துக்கொள்வதைவிட அதனிடமே வேலை வாங்கலாம் என்று சிந்தித்தவர்கள் சிலர். 1880-களில் இயந்திரத் துப்பாக்கியில் அதைச் சாதித்தவர் ஹிராம் மாக்சிம். சுழல்துப்பாக்கியில் சாதித்தவர் ஜார்ஜ் வின்சென்ட் ஃபாஸ்பரி.

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் 1832-இல் பிறந்த ஃபாஸ்பரி, ஈட்டன் பள்ளியில் பயின்று, 1852-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்கப் படையில் சேர்ந்தார். அவருடைய பெயரை நாடறியச் செய்தது இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 1863-இல் நிகழ்ந்த அம்பேலா போர். பதான் பழங்குடியினர் கைப்பற்றிய ஒரு பாறை உச்சிக் காவல் நிலையை, அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் படையினர் மீட்க வேண்டியிருந்தது. ஓரிருவருக்கு மேல் சேர்ந்து ஏற முடியாத செங்குத்தான பாதையில் தம் வீரர்களை நடத்திச் சென்ற ஃபாஸ்பரி, தம் பக்கத்திலிருந்து உச்சியை முதலில் அடைந்தார். அந்தத் துணிவுக்காக பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது.

அதே போரில் அவர் வேறொரு பொறுப்பையும் ஏற்றிருந்தார். இலக்கில் பட்டதும் வெடிக்கும் தோட்டாக்களைக் கொண்ட, தனிப்பயிற்சி பெற்ற குறிவீரர் அணி ஒன்றுக்கு அவர் தலைமை தாங்கினார். அத்தகைய தோட்டாக்களை உருவாக்குவதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஐந்தே ஆண்டுகளில், 1868-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய நாடுகள் 400 கிராமுக்குக் குறைவான வெடிகுண்டுத் தோட்டாக்களைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தன. எதிரியைச் செயலிழக்கச் செய்வதே போரின் நோக்கம், தேவையற்ற வேதனை தருவதன்று என்பதே அந்த அறிவிப்பின் அடிப்படை. ஒரு கருவி தன் வேலையைச் செம்மையாகச் செய்வது மட்டுமே போதாது என்று உலகம் எழுத்தில் பதிந்த தருணம் அது.

1877-இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்ற ஃபாஸ்பரி, முழுமூச்சாகத் துப்பாக்கி வடிவமைப்பில் இறங்கினார். குழலின் முனையருகே மட்டும் சுருள்வரிகள் வெட்டப்பட்ட 'பாரடாக்ஸ்' துப்பாக்கிக்கு 1885-இல் காப்புரிமை பெற்றார். சிதறும் ரவைகளையும் ஒற்றைக் குண்டையும் ஒரே குழலில் சுட முடிந்ததால் வேட்டைக்காரர்கள் அதை விரும்பினர். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் அதைத் தயாரித்தது.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது சுழல்துப்பாக்கியின் குறை. சாதாரணச் சுழல்துப்பாக்கியில் வேகமாகச் சுட வேண்டுமானால், தோட்டா உருளையைத் திருப்புவதும் சுத்தியலைப் பின்னே இழுப்பதும் சுடுபவரின் விரல் செய்யவேண்டிய வேலை. அதனால் விசையை அழுத்தக் கூடுதல் வலிமை தேவைப்படும், குறி அசையும். 1895-இல் ஃபாஸ்பரி காப்புரிமை பெற்ற வடிவமைப்பு, இந்த வேலைகளை உதைப்பிடம் ஒப்படைத்தது. குழலும் உருளையும் சுத்தியலும் ஒரே தொகுதியாகக் கைப்பிடிச் சட்டகத்தின் மீது பின்னோக்கி நழுவும். அப்போது சுத்தியல் தானாகவே நாணேறும். உருளையின் புறத்தே வெட்டப்பட்ட கோணல்மாணலான பள்ளங்களில் ஒரு முளை பொருந்தியிருக்கும். தொகுதி பின்னே செல்கையில் உருளை பாதித் தூரமும், சுருள்வில் அதை முன்னே தள்ளுகையில் மீதித் தூரமும் சுழலும். அடுத்த தோட்டா ஆயத்தம்.

இதனால் இன்னொரு நன்மையும் விளைந்தது. உதைப்பின் மொத்த உந்தத்தை எவராலும் குறைக்க முடியாது. அது கையை வந்தடையும் நேரத்தை நீட்டலாம். நழுவும் தொகுதியும் சுருள்வில்லும் அதைச் செய்தன. 0.455 அங்குலத் தோட்டாவின் கூர்மையான அடி, ஒரு தள்ளலாக மென்மையடைந்தது. ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு: சட்டகம் அசையாதபடி கை அதை உறுதியாகப் பற்றியிருக்க வேண்டும். தளர்ந்த கையில் தொகுதி முழுத் தூரம் நழுவாது. துப்பாக்கி இடையிலேயே நின்றுவிடும்.

வெப்லி நிறுவனம் தயாரித்த இத்துப்பாக்கி, 1900-இல் பிஸ்லி துப்பாக்கிச் சுடும் களத்தில் அறிமுகமானது. போட்டியாளர்கள் அதைக் கொண்டாடினர். ராணுவம் அதை ஏற்கவில்லை. ஃபாஸ்பரி 1907-இல் பாத் நகரில் காலமானார். முதல் உலகப் போரில் சில அதிகாரிகள் சொந்தப் பணத்தில் அதை வாங்கிச் சென்றனர். பதுங்குகுழிகளின் சேறு அதன் நழுவுத் தடங்களிலும் பள்ளங்களிலும் புகுந்தது. பழைய, எளிய வெப்லி சுழல்துப்பாக்கியே போர் முழுவதும் தாக்குப்பிடித்தது. ஃபாஸ்பரியின் படைப்பு மொத்தமாக ஐயாயிரத்தைக்கூட எட்டவில்லை. டாஷியல் ஹாமெட் 1930-இல் வெளியிட்ட 'தி மால்டீஸ் ஃபால்கன்' புதினத்தில் கொலைக் கருவியாக இடம்பெற்றதே அதற்குக் கிடைத்த பெரும்புகழ்.

எண்ணம் மட்டும் மடியவில்லை. 1990-களில் இத்தாலியின் எமிலியோ கிசோனி, 'மாடெபா' சுழல்துப்பாக்கியில் அதே தத்துவத்தை மீட்டார். உருளையின் மேல் அறைக்குப் பதிலாகக் கீழ் அறையிலிருந்து தோட்டா புறப்படச் செய்து, உதைப்பு கைக்கு நேரே வருமாறு அமைத்து, முனை எழும்புவதைக் குறைத்தார். அதுவும் சிறு எண்ணிக்கையிலேயே தயாரானது.

ஃபாஸ்பரியின் வாழ்வில் களம் இருமுறை தீர்ப்பு வழங்கியது. வெடிக்கும் தோட்டாவை மனித மனசாட்சி நிராகரித்தது. தானியங்கிச் சுழல்துப்பாக்கியைச் சேறு நிராகரித்தது. முன்னது, வேலை செய்தும் கூடாது என ஒதுக்கப்பட்டது. பின்னது, அறிவுக்கு விருந்தாக இருந்தும் உதவாது என ஒதுக்கப்பட்டது. பட்டறை மேசையில் பெறும் பாராட்டு, பாதிப் பாராட்டுதான். சோர்ந்த கையிலும் சேற்றிலும் ஒரு கருவி என்ன செய்யும், அது யாருக்கு என்ன செய்யும் என்னும் இரு வினாக்களையும் படைப்பவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று. கேட்கத் தவறினால், களம் கேட்கும்.