குவாண்டம் புதிருக்குப் பழைய இயற்பியலில் விடை தேடிய ஹோமி பாபா

மும்பை: செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள அணு ஆராய்ச்சி மையத்தின் பெயரால் மட்டுமே இன்று பலருக்கும் அறிமுகமான ஹோமி ஜஹாங்கிர் பாபா, அணு உலைகளுக்கு முன்பு வேறொரு புதிருடன் போராடியவர். அணுவுக்குள் ஆட்சி செய்யும் குவாண்டம் விதிகள், பழைய இயக்கவியலுடன் எங்கே சென்று இணைகின்றன என்பதே அது.

1909 அக்டோபர் 30ம் தேதி மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்த அவரைப் பொறியியல் படிக்கவே கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினர். 1930ல் அதை முடித்தவர் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் மாறினார். 1937ல் வால்டர் ஹைட்லருடன் இணைந்து காஸ்மிக் கதிர்ப் பொழிவை விளக்கியபோது புகழ் பெற்றார்.

1939ல் விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்தபோது போர் மூண்டது. திரும்ப இயலாமல், சி.வி.ராமன் பணியாற்றிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார்.

அப்போது ஆய்வாளர்களைத் திணறடித்தது மெசான் என்னும் துகள். ஆற்றல் கூடக்கூட அது அணுக்கருவில் மோதிப் பெரிதும் சிதற வேண்டும் என்றது குவாண்டம் கணக்கு. காஸ்மிக் கதிரில் வந்த துகள்களோ தடித்த ஈயத்தையும் துளைத்துச் சென்றன. பாபா, புரோட்டானைச் சுழலும் பம்பரமாகக் கருதிப் பழைய முறையிலேயே கணக்கிட்டார். அது வெளியிடும் அலை அதையே திருப்பித் தாக்கும் விளைவைச் சேர்த்தபோது சிதறல் வெகுவாகக் குறைந்தது.

அப்படியானால் குவாண்டம் கணக்கு பிசகியது ஏன்? புரோட்டானின் சுழற்சி மிகச் சிறியது. ஓரிரு படிகளே கொண்ட ஏணி போன்றது. படிகள் பெருகினால் ஏணி சரிவுப் பாதையாகத் தோன்றும். அதுபோல, கூடுதல் சுழற்சியும் மின்னூட்டமும் கொண்ட நிலைகள் புரோட்டானுக்கு இருந்தால் குவாண்டம் விடையும் பழைய விடையை நெருங்கும் என்று 1940ல் அவர் வாதிட்டார். ஹைட்லரும் தனியாக இதே கருத்துக்கு வந்திருந்தார்.

1947ல் பையான் கண்டறியப்பட்டதும் கதை திரும்பியது. ஈயத்தைத் துளைத்தது அணுக்கரு விசைக்குரிய மெசானே அல்ல, அது மியூவான். புதிரின் பெரும்பகுதி ஆள்மாறாட்டத்தால் எழுந்தது. எனினும் பாபா எதிர்பார்த்த இரட்டை மின்னூட்ட நிலை, 1952ல் சிகாகோவில் ஃபெர்மி குழுவினரின் சோதனையில் தலைகாட்டியது. தவறான காரணத்துக்காகத் தேடிய சரியான பொருள் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

அதற்குள் அவர் பாதை மாறியிருந்தது. 1945ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, அந்த ஆண்டிலேயே மும்பை பெடர் சாலையில் தாம் பிறந்த பங்களாவுக்குக் கொண்டுவந்தார். 1948ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1956 ஆகஸ்ட் 4ம் தேதி டிராம்பேயில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. கோப்புகள் பெருகப் பெருக ஆய்வுக் கட்டுரைகள் அருகின. நாட்டுக்கு அது லாபம். கோட்பாட்டு இயற்பியலுக்கு இழப்பு.

1966 ஜனவரி 24ம் தேதி வியன்னா கூட்டத்துக்குச் சென்றபோது, அவர் பயணித்த ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மான்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. அடுத்த ஆண்டு டிராம்பே மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.