எதுவார் மிச்செலின்

பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில், அவிந்துபோன எரிமலைகள் சூழ்ந்த மேட்டு நிலத்தில், கிளேர்மோன் பெரான் என்னும் நகரம் அமைந்துள்ளது. கடலுக்கும் தலைநகராகிய பாரிசுக்கும் நெடுந்தொலைவிலுள்ள அவ்வூரில், 1832ஆம் ஆண்டில் உறவினர் இருவர் கூடி ஒரு தொழிற்சாலையை நிறுவினர். உழவுக் கருவிகளும் ரப்பர்ப் பொருள்களும் அங்குச் செய்யப்பட்டன. அவ்விருவருள் ஒருவருடைய மகள் வயிற்றுப் பேரரே எதுவார் மிச்செலின். அவர் 1859ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார்.

எதுவாரின் தமையனார் ஆந்திரே, அவரினும் ஆறாண்டு மூத்தவர், பொறியியல் கற்றவர். இளையவரின் நாட்டமோ வேறாக இருந்தது. எதுவார் சட்டம் பயின்றார். ஆயினும் வழக்காடுந் தொழிலில் அவர் உள்ளம் செல்லவில்லை. ஓவியமே தம் வாழ்வு எனத் துணிந்து, அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த பூகரோ என்பாரிடம் மாணவராக அமர்ந்தார். தூரிகையும் வண்ணமுமாக அவர் நாள்கள் இனிது கழிந்தன. அக்காலத்தில் பாட்டனார் நிறுவிய தொழிற்சாலை நலிவுற்றது. அதனைக் காக்க முன்வருமாறு தாயின் உடன்பிறந்தாளாகிய முதிய அம்மையார் வேண்டிக்கொண்டார். ஆந்திரேக்குப் பாரிசில் வேறு தொழில் இருந்தது. ஆகவே சுமை எதுவாரின் தோள்மேல் வந்து விழுந்தது. விரும்பிய கலையை விடுவதா, குலத்தின் தொழிலை மூழ்கவிடுவதா என்னும் இரண்டனுள் ஒன்றை அவர் தேர்ந்தாக வேண்டியிருந்தது. அவர் ஊருக்குப் புறப்பட்டார். 1889ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தொழிற்சாலை மிச்செலின் கம்பெனி என்னும் புதுப்பெயர் பெற்றது. ரப்பரைப் பற்றி ஒன்றும் அறியாத ஓவியர் அதன் தலைவரானார்.

தொடக்கத்தில் அவர் செய்து விற்றவை, வண்டிகளுக்கான ரப்பர்த் தடைக்கட்டைகளே. அதற்குச் சற்று முன்னர், 1888ஆம் ஆண்டில், அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராக விளங்கிய ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தி, அதற்குக் காப்புரிமையும் பெற்றிருந்தார். 1845ஆம் ஆண்டிலேயே தாம்சன் என்பவர் இவ்வுண்மையைக் கண்டு காப்புரிமை பெற்றிருந்தும் உலகம் அவரை மறந்துவிட்டது. கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் இத்தகைய மறதி புதிதன்று. டன்லப்பின் டயர் மிதிவண்டிக்கு மென்மையையும் விரைவையும் தந்தது. ஆனால் அது சக்கரத்தோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு முள் தைத்தால் போதும். டயரை உரித்தெடுத்து, ஓட்டையை அடைத்து, மீண்டும் ஒட்டி, பசை காயும்வரை காத்திருத்தல் வேண்டும்.

ஒருநாள் மிதிவண்டிக்காரர் ஒருவர் காற்றிழந்த டயரோடு தொழிற்சாலை வாயிலில் வந்து நின்றார் என்று கூறுவர். அதனைக் கழற்றிப் பழுதுபார்ப்பதற்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. பசை காய்வதற்கு ஓர் இரவு கழிந்தது. மறுநாள் எதுவார் அவ்வண்டியில் தாமே ஏறிச் சென்றார். சில நூறு மீட்டர் சென்றதும் டயர் மீண்டும் காற்றிழந்தது. வேறொருவர் அத்துடன் அதனை வெறுத்து ஒதுக்கியிருப்பர். எதுவாரோ காற்றின்மேல் ஊர்ந்த அச்சில நூறு மீட்டரின் இன்பத்தை மறக்கவில்லை. டயர் நல்லது, அதனை மாற்றும் முறையே தீயது எனப் பிரித்தறிந்தார். கைத்தொழில் அறியாதவரும் கால்மணி நேரத்தில் கழற்றிப் பூட்டத்தக்க டயர் வேண்டும் என்று தம் தொழிலாளரிடம் பணித்தார். அவர் வாழ்நாள் முழுவதையும் ஆண்ட எண்ணம் இதுவே. டயர் தேய்வதற்கென்றே பிறந்த பொருள். தேயாத டயர் எவராலும் செய்தற்கு இயலாது. ஆகவே அதன் தரத்தோடு, அதனை எளிதில் மாற்றும் வழியையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்பதை அவர் முற்பட உணர்ந்தார்.

1891ஆம் ஆண்டில், பசையின்றி மரையாணிகளால் இறுக்கப்பட்ட டயருக்கு அவர் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் பாரிசிலிருந்து பிரெஸ்டு துறைமுகம் சென்று மீளும் மிதிவண்டிப் பந்தயம் நடந்தது. தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சார்லசு தெரோன் என்னும் வீரர் மிச்செலின் டயர் பூட்டிய வண்டியில் சென்று, இரண்டாமவரைவிட ஏறத்தாழ எட்டு மணி நேரம் முன்னதாகவே வெற்றிக்கம்பத்தை அடைந்தார். அடுத்த ஆண்டில் பாரிசிலிருந்து கிளேர்மோன் பெரானுக்குத் தாமே ஒரு பந்தயம் வைத்த மிச்செலின் உடன்பிறந்தார், வழியில் ஆணிகளைத் தூவச் செய்தனர். டயர் பஞ்சராகாது என்று காட்டுவது அவர் நோக்கமன்று. பஞ்சரானால் எவ்வளவு விரைவில் சரிசெய்யலாம் என்று காட்டுவதே நோக்கம். தம் சரக்கின் குறையையே பறையறைந்து விற்ற வணிகர் உலகில் மிகச் சிலரே.

மிதிவண்டிக்கு ஏற்ற டயர் மோட்டார் வண்டியைத் தாங்குமா? ஒருவரும் நம்பவில்லை. அந்நாளைய மோட்டார் வண்டிகள் இரும்புப் பட்டையோ கட்டி ரப்பரோ பூட்டிய சக்கரங்களில், எலும்பு நொறுங்கக் குலுங்கி ஓடின. 1895ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிசிலிருந்து போர்தோ சென்று மீளும் பந்தயம் அறிவிக்கப்பட்டது. மிச்செலின் உடன்பிறந்தார் பெஜோ வண்டியின் சட்டத்தில் டைம்லர் எஞ்சினை வைத்து ஒரு வண்டியை அமைத்து, அதற்குக் காற்றடைத்த டயர்களைப் பூட்டினர். மின்னல் எனப் பொருள்படும் எக்ளேர் என்பது அதன் பெயர். நேரே செல்லாது மின்னற்கொடிபோல நெளிந்து ஓடியதால் அப்பெயர் வந்தது என்பர். அதனை ஓட்ட எவரும் இசையாமையால் ஆந்திரேயும் எதுவாருமே ஏறி அமர்ந்தனர்.

அப்பயணம் அவர்தம் உறுதிக்கு ஒரு சோதனையாயிற்று. டயர்கள் மீண்டும் மீண்டும் வெடித்தன. இருபதுக்கு மேற்பட்ட டியூபுகள் பழுதாயின. புழுதியிலும் இருளிலும் சாலையோரத்தில் மண்டியிட்டு அவர்கள் டயர் மாற்றினர். எமீல் லெவாசோர் கட்டி ரப்பர்ச் சக்கர வண்டியை ஏறத்தாழ 49 மணி நேரம் தனியொருவராக ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார். எக்ளேர் வண்டிக்குப் பரிசு இல்லை. கண்டோர் சிலர் நகைத்தனர். ஆயினும் காற்றின்மேல் ஒரு மோட்டார் வண்டி போர்தோ வரை சென்று மீண்டது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1899இல், கமீல் ஜெனாட்சி என்னும் பெல்சிய நாட்டவர் குண்டு வடிவான மின்சார வண்டியொன்றில் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவை எய்தினார். மணிக்கு நூறு கிலோமீட்டரை மோட்டார் வண்டியொன்று கடந்தது அதுவே முதல் முறை. அவ்வண்டியின் சக்கரங்களில் இருந்தவை மிச்செலின் டயர்களே.

விரைவு பெருகப் பெருக டயரின் துன்பமும் பெருகும். சக்கரம் சுழலும்போது தரையைத் தொடும் பகுதி அழுந்தித் தட்டையாகி, தரையை விட்டதும் மீண்டும் நிமிர்கின்றது. நொடிக்குப் பலமுறை நிகழும் இம்மடக்கத்தால் ரப்பர் சூடேறுகின்றது. அந்நாளைய டயரின் உட்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்ட பருத்தித் துணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து அவ்வெப்பத்தை மிகுவித்தன. எஞ்சினின் ஆற்றலைத் தரைக்குச் செலுத்தும் பின்சக்கர டயர்கள் மேலும் விரைந்து தேய்ந்தன. மென்மையான ரப்பர் சாலையை நன்கு பற்றும். ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், வளைவில் வழுக்கும். இவ்விரண்டனுக்கும் நடுவே வண்டிக்கேற்றதைத் தேர்தல் அன்றும் அரிது, இன்றும் அரிது. இக்காலத்து டயரின் பக்கச் சுவரில் அது தாங்கும் விரைவு ஓர் எழுத்தால் குறிக்கப்படுகின்றது. எச் எனில் மணிக்கு 210 கிலோமீட்டர். வி எனில் 240. டபிள்யூ எனில் 270. ஒய் எனில் 300. விரைவு வண்டிக்குக் குறைந்த எழுத்துள்ள டயரை மலிவு கருதிப் பூட்டுவோர் தம் உயிரை விலை பேசுகின்றனர். ஓர் அச்சின் ஒரு பக்கத்தில் மட்டும் புது டயரைப் பூட்டுவதும் அத்தகைய பேதைமையே.

இனி 1906ஆம் ஆண்டின் நிகழ்ச்சியைக் காண்போம். அவ்வாண்டு ஜூன் மாதம் 26, 27ஆம் நாள்களில், லெ மான் நகருக்கு அருகே, பிரான்சு நாட்டின் முதல் கிராண்டு பிரி பந்தயம் நடந்தது. ஒரு சுற்று 103 கிலோமீட்டர். நாளொன்றுக்கு ஆறு சுற்று. இரு நாளுக்கும் சேர்ந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல். முப்பத்திரண்டு வண்டிகள் புறப்பட்டன. புழுதி எழாதிருக்கச் சாலையில் தார் பூசியிருந்தனர். கடும் வெயிலில் தார் உருகிற்று. கூரிய கற்கள் பெயர்ந்து டயர்களைக் கிழித்தன. தெறித்த தார்த்துளிகள் ஓட்டுநரின் கண்களைப் புண்படுத்தின. வண்டியைப் பழுதுபார்க்கும் உரிமை ஓட்டுநருக்கும் உடன் அமர்ந்த ஒரு தொழிலாளிக்குமே உண்டு. வேறெவரும் கை வைத்தல் ஆகாது. பழைய முறைப்படி, கிழிந்த டயரைக் கத்தியால் அறுத்தெறிந்து, புதியதை நெம்பிச் செலுத்தி, காற்றடைத்து முடிப்பதற்குக் கால்மணி நேரம் ஆகும். ஒரு டயருக்கே இவ்வளவு எனில், நாள் முழுவதும் டயர் கிழியும் சாலையில் வெற்றி எவ்வாறு வரும்?

எதுவாரின் தொழிற்சாலை இதற்கு ஒரு வழி கண்டிருந்தது. டயரை மட்டும் கழற்றாமல், அது பொருந்தியிருக்கும் ரிம்மையே சக்கரத்தினின்று கழற்றத்தக்கதாக அமைத்தனர். காற்றடைத்து ஆயத்தமாக வைத்த டயரும் ரிம்மும் ஒன்றாக ஏறும்; எட்டு மரைகளை முடுக்கினால் வேலை முடிந்தது. இரண்டு நிமிடமும் ஆகாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இவ்வகைச் சக்கரம் பழைய சக்கரத்தைவிட ஏறத்தாழ 9 கிலோகிராம் மிகுந்த எடையுள்ளது. பந்தய வண்டியின் எடை 1,000 கிலோகிராமைக் கடக்கலாகாது என்பது விதி. எஞ்சினைப் பெரிதாக்கி எடையின் எல்லையை முன்னமே தொட்டுவிட்ட பனார் போன்ற கம்பெனியார் புது ரிம்மை ஏற்க இயலாது திகைத்தனர். எஞ்சினின் வலிமையை நம்புவதா, டயர் மாற்றும் விரைவை நம்புவதா என்பதே அன்று எழுந்த வினா. ரெனோ கம்பெனியார் புது ரிம்மைத் தேர்ந்தனர்.

ரெனோ வண்டியை ஓட்டியவர் அங்கேரி நாட்டில் பிறந்த பெரென்சு சீசு என்பவர். முதல்நாள் முடிவிலேயே அவர் முன்னணியில் நின்றார். அவ்விரவில் வண்டிகளை எவரும் தொடாதவாறு பூட்டி வைத்தனர். மறுநாளும் அவர் முந்துநிலையை விடவில்லை. பிறர் சாலையோரத்தில் கத்தியும் நெம்புகோலுமாகப் போராடிக்கொண்டிருக்க, அவர் மரைகளை முடுக்கிக்கொண்டு விரைந்தார். மொத்தம் 12 மணி 14 நிமிடத்தில், மணிக்கு ஏறத்தாழ 101 கிலோமீட்டர் என்னும் சராசரி விரைவில், வெற்றி எய்தினார். இரண்டாவதாக வந்த பியட் வண்டியின் நசாரோ 32 நிமிடம் பிந்தினார். கால்மணி நேர வேலையை இரு நிமிடமாக்கிய வேறுபாடு இரண்டு மூன்று முறை சேர்ந்தாலே அம்முப்பத்திரண்டு நிமிடம் ஆகிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். பந்தயத்தில் டயர் மாற்றும் கலை அன்றிலிருந்து வளர்ந்துகொண்டே வந்தது. ஒரு சக்கரத்துக்கு எட்டு மரைகள் இருந்த இடத்தில் நடுவே ஒரே மரை வந்தது. 2023ஆம் ஆண்டில் கத்தார் நாட்டில் நடந்த பார்முலா ஒன் பந்தயத்தில், மக்லாரன் குழுவினர் நான்கு டயர்களையும் 1.80 நொடியில் மாற்றினர்.

தொழிற்சாலைப் பணி எதுவாரிடமும் விளம்பரப் பணி ஆந்திரேயிடமும் இருந்தன. 1900ஆம் ஆண்டில் அவர்கள் மோட்டார் வண்டிக்காரர்க்கு இலவசமாக வழங்கிய வழிகாட்டி நூலில், டயரைக் கழற்றிப் பூட்டும் முறைகள் விரிவாக எழுதப்பட்டிருந்தன. இன்று உணவு விடுதிகளுக்கு விண்மீன் அளிக்கும் நூலாக உலகம் அறிவது அதனையே. முதல் உலகப் போரில் மிச்செலின் தொழிற்சாலை நாட்டிற்காக வானூர்திகளையும் செய்து கொடுத்தது.

முதுமையில் எதுவாரை அடுத்தடுத்துத் துயரங்கள் சூழ்ந்தன. 1931இல் ஆந்திரே மறைந்தார். 1932இல் மூத்த மகன் எத்தியேன் வானூர்தி விபத்தில் இறந்தார். 1937இல் இளைய மகன் பியேர் மோட்டார் வண்டி விபத்தில் மாண்டார். தொழிலைத் தொடர்தற்கு வளர்த்த மக்கள் இருவரையும், தாம் வாழ்நாளெல்லாம் பணிபுரிந்த விரைவுக்கே பறிகொடுத்த அம்முதியவர், எண்பது வயதை நெருங்கிய நிலையிலும் தொழிற்சாலையை விட்டு அகலவில்லை. செருமானியப் படைகள் பிரான்சை வென்ற 1940ஆம் ஆண்டில், ஆகஸ்டு மாதம் 25ஆம் நாள், கிளேர்மோன் பெரானுக்கு அருகிலுள்ள ஓர்சீன் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின், 1946இல், அவருடைய தொழிற்சாலை ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. அதில் உள்நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லாமல், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேரே செல்கின்றன; அவற்றின்மேல் எஃகுக் கம்பிப் பட்டை அமைகின்றது. உராய்வும் வெப்பமும் குறைந்து, தேய்மானமும் மட்டுப்பட்டது. அவ்வகை டயரோடு மிச்செலின் கம்பெனியார் 1977ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்திற்குள் ரெனோ வண்டியோடு புகுந்தனர். 1979ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், திழோன் நகரில் நடந்த பிரான்சு நாட்டின் கிராண்டு பிரி பந்தயத்தில், ழான் பியேர் ழபூய் ஓட்டிய ரெனோ வண்டி மிச்செலின் ரேடியல் டயர்களோடு முதலாவதாக வந்தது.