டிராசன் பெட்ரோவிச்

டிராசன் பெட்ரோவிச் (அக்டோபர் 22, 1964 – ஜூன் 7, 1993) குரோவாசியாவைச் சேர்ந்த கூடைப்பந்தாட்ட வீரர் ஆவார். ஐரோப்பாவில் பெரும் புகழ் பெற்றபின் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூட்டிணைவில் சேர்ந்தார். ஐரோப்பிய ஆட்டக்காரர்களின் திறமை பற்றி அங்கு நிலவிய ஐயத்தைப் போக்கியவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். புள்ளிபெற்ற பின்காவல் நிலையில் ஆடிய இவரது தனித்திறன் தொலைவிலிருந்து பந்தைக் கூடைக்குள் எறிவது.

தொடக்க காலம்

அன்றைய யுகோஸ்லாவியாவின் கடலோர நகரான ஷிபெனிக்கில் பிறந்தார். அண்ணன் அலெக்சாந்தரும் கூடைப்பந்தாட்ட வீரரே. பெட்ரோவிச் 15 வயதில் உள்ளூர்க் கழகமான ஷிபென்காவின் முதன்மை அணியில் இடம்பெற்றார். 1983 இல் யுகோஸ்லாவியக் கூட்டிணைவின் இறுதி ஆட்டத்தில், சரயேவோவின் போஸ்னா அணிக்கு எதிராக இவர் இறுதிக் கணத்தில் எறிந்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களால் ஷிபென்கா 82–81 என வென்றது. மறுநாளே, நடுவரின் முறைகேட்டைக் காரணம் காட்டி அம்முடிவு நீக்கப்பட்டது. மறு ஆட்டம் ஆட ஷிபென்கா மறுத்ததால் பட்டம் போஸ்னாவுக்குச் சென்றது. அப்போது பெட்ரோவிச்சுக்கு வயது 18.

ஐரோப்பாவில்

கட்டாயப் படைப்பணிக்குப் பின் 1984 இல் சாக்ரெப் நகரின் சிபோனா கழகத்தில் சேர்ந்தார். சிபோனா 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 1985 அக்டோபரில் ஒலிம்பியா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 112 புள்ளிகள் எடுத்தார். அன்று எதிரணி தன் இளையோரையே களமிறக்கியிருந்தது என்பதையும் சேர்த்தே இந்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய சாதனை எனத்தக்கது 1989 இல் ரியல் மாட்ரிட் அணிக்காக ஆடிய கோப்பை வெற்றியாளர் கோப்பை இறுதியாட்டம். அதில் 62 புள்ளிகள் எடுத்தார்.

அமெரிக்காவில்

1989 இல் போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணிக்குச் சென்றார். அங்கு கிளைட் டிரெக்சுலர் போன்றோர் முன்னிலையில் இருந்ததால், ஐரோப்பாவின் தலைசிறந்த வீரர் பெரும்பாலான நேரம் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் அமர்ந்திருக்க நேர்ந்தது. 1991 சனவரியில் நியூ ஜேர்சி நெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டதும் நிலை மாறியது. 1991–92 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20.6 புள்ளிகளும், அடுத்த பருவத்தில் 22.3 புள்ளிகளும் எடுத்தார். 1993 இல் என்.பி.ஏ.யின் சிறந்த வீரர்களைக் கொண்ட மூன்றாம் அணியில் தேர்வானார். ஆனால் அதே ஆண்டின் அனைத்து நட்சத்திர ஆட்டத்துக்கு இவர் அழைக்கப்படவில்லை.

நாட்டு அணிகள்

யுகோஸ்லாவியா 1988 ஒலிம்பிக்கில் வெள்ளியும், 1989 ஐரோப்பியப் போட்டியிலும் 1990 உலகப் போட்டியிலும் தங்கமும் பெற்றது. அந்த உலகப் போட்டி வெற்றியின்போது, குரோவாசியக் கொடியுடன் களத்துக்குள் வந்த பார்வையாளரிடமிருந்து செர்பியரான விளாடே திவாச் கொடியைப் பறித்தார். நெருங்கிய நண்பர்களாக இருந்த இருவரின் உறவும் அத்துடன் முறிந்தது. பெட்ரோவிச் இறக்கும்வரை அது சரியாகவில்லை. 1992 ஒலிம்பிக்கில் இவர் தலைமையிலான குரோவாசியா இறுதியாட்டம்வரை சென்று, அமெரிக்காவின் கனவு அணியிடம் தோற்று வெள்ளி வென்றது. அந்த ஆட்டத்தில் இவர் 24 புள்ளிகள் எடுத்தார்.

மறைவும் விருதுகளும்

போலந்தில் தகுதிச் சுற்று ஆட்டத்தை முடித்துத் திரும்பும் வழியில், செருமனியின் டெங்கெண்டோர்ஃப் அருகே மழையில் நிகழ்ந்த நெடுஞ்சாலை விபத்தில் 28 வயதில் உயிரிழந்தார். சாக்ரெப்பின் மிரோகோய் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான யூரோஸ்கார் விருதை 1986, 1989, 1992 ஆண்டுகளிலும், மறைவுக்குப் பின் 1993 இலும் பெற்றார். நெட்ஸ் அணி 1993 நவம்பரில் இவரது 3 ஆம் எண் சட்டையை ஓய்வுபெறச் செய்தது. 2002 இல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழவையில் சேர்க்கப்பட்டார். சிபோனாவின் விளையாட்டரங்கு இவர் பெயரைத் தாங்கியுள்ளது.