ஹாரி வார்டன்

பிரெஞ்சு நாட்டின் வடமேற்குக் கடற்கரைக்கு அணித்தாக, ஆங்கிலக் கால்வாயில், ஜெர்சி என்னும் சிறு தீவு ஒன்று உளது. அது பிரிட்டிஷ் முடிக்கு உட்பட்டது. அத்தீவின் கீழ்க்கரையிலுள்ள குரூவில் என்னும் சிற்றூரில், 1870-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், தோட்டவேலை செய்து குடும்பம் பேணிவந்த எளியவர் ஒருவரின் மகனாக ஹாரி வார்டன் தோன்றினார். உடன்பிறந்தார் பலர். உழைத்தாலன்றி உண்ண இயலாத குடும்பம். பிற்காலத்தில் கோல்ஃப் ஆட்டத்தில் உலகம் வியக்கும் நிலையை இவர் எய்துவார் என்று அந்நாளில் எவரும் எண்ணியிருக்க இயலாது.

கோல்ஃப் என்பது யாது என்பதை முதற்கண் அறிதல் நலம். பரந்த புல்வெளி ஒன்றில், பல நூறு கஜ இடைவெளிகளில், 18 சிறு குழிகள் அமைக்கப்பட்டிருக்கும். நீண்ட தண்டும் சிறிய தலையும் உடைய மட்டைகளால் சிறு பந்தொன்றை அடித்து, ஒவ்வொரு குழியிலும் முறையே வீழ்த்திச் செல்லுதல் வேண்டும். ஏனைய ஆட்டங்களில் மிகுதியான எண்ணிக்கை பெற்றவர் வெல்வார். இதிலோ குறைந்த அடிகளில் முடித்தவரே வெற்றி பெறுவார். இருநூறு கஜத் தொலைவு பந்து பறக்குமாறு ஓங்கி அடித்த அடியும் ஓர் அடியே. குழியின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவு நகர்த்தும் அடியும் ஓர் அடியே. இவ்விதியை மாணவர் மனத்தில் இருத்துக. வார்டனின் வாழ்வில் நேர்ந்த பெருமையும் துயரும் இவ்வொரு விதிக்குள் அடங்குவன.

வார்டன் சிறுவனாயிருந்தபொழுது, 1878-ஆம் ஆண்டில், குரூவில் ஊர்ப் புறம்போக்கில் கோல்ஃப் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. செல்வர்கள் ஆட, ஊர்ச் சிறுவர்கள் அவர்தம் மட்டைகளைச் சுமந்து பின்சென்று சில காசு ஈட்டினர். கண்ட ஆட்டத்தைத் தாமும் ஆட விரும்பினர். மட்டையும் பந்தும் வாங்கப் பொருள் ஏது? முள்மரக் கிளையைச் சீவித் தண்டாக்கினர். ஓக் மரத்துண்டைச் செதுக்கித் தலையாக்கினர். இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தலையில் துளையிட்டு, அதில் தண்டைச் செருகினர். பந்துக்கு மாற்றாக வெள்ளைக் கோலிக்குண்டு உதவிற்று. ஐம்பது கஜத்திற்கு ஒரு குழியாகத் தாமே குழிகளும் அமைத்துக்கொண்டு, நிலவுக் காலங்களில் இரவிலும் ஆடினர். தன் கையாற் செய்த கருவியைக் கொண்டு ஆடுபவனுக்கு அதன் இயல்பு முழுவதும் விளங்கிவிடும். விலைகொடுத்து வாங்கியவனுக்கு அவ்வறிவு எளிதில் வாய்ப்பதில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் ஹாரி படிப்பை விடுத்துப் பிறர் வீட்டில் ஏவலராக அமர்ந்தார். பின்னர், கோல்ஃப் கழகத் தலைவராயிருந்த மேஜர் ஸ்பாஃபோர்த் என்பாரிடம் தோட்டக்காரர் ஆனார். அப்பெருமகன் இவருடைய திறனைக் கண்டு பழைய மட்டைகள் சில கொடுத்து ஊக்கினார். எனினும் ஆடுதற்குக் கிடைத்தவை விடுமுறை நாள்களே. இளைய சகோதரராகிய டாம் என்பார் இவருக்கு முன்னரே இங்கிலாந்து சென்று, கோல்ஃபைத் தொழிலாகக் கொண்டு, போட்டியொன்றில் பரிசும் பெற்றார். அச்செய்தி தமையனின் உள்ளத்தைத் தூண்டிற்று. தம்பிக்கு இயல்வது தமக்கும் இயலும் எனத் துணிந்து, 1890-இல், தம் இருபதாம் வயதில், ஹாரி கடல் கடந்தார். யார்க்ஷயரில் ரிப்பன் நகரை அடுத்த சிறு கழகம் ஒன்றில் புல்தரையைப் பேணும் வேலை கிடைத்தது. அங்கிருந்து பரி என்னும் ஊருக்கும், 1896-இல் காண்ட்டன் என்னும் ஊருக்கும் மாறினார்.

இக்காலத்திலேதான் அவர் தம் ஆட்டமுறையை ஆராய்ந்து திருத்திக்கொண்டார். அந்நாளைய ஆட்டக்காரர் பெரும்பாலோர் பத்து விரல்களாலும் மட்டையை இறுகப் பற்றி, உடலைச் சுற்றி வளைத்து, முழு வலிமையையும் செலுத்தி வீசினர். பந்து தாழப் பறந்து, தரையில் வீழ்ந்து, நெடுந்தூரம் உருண்டோடும். ஓடும் பந்து எங்கு நிற்கும் என்று யார் அறிவார்? மணற்பள்ளத்திலும் நிற்கும், புதரிலும் நிற்கும். அங்கிருந்து அதனை மீட்க அடிகள் வீணாகும். வார்டன் ஒன்றை நுணுகி உணர்ந்தார். இரு கைகளும் மட்டையை வெவ்வேறாகப் பற்றுமிடத்து, வலிமை மிகுந்த வலக்கை இடக்கையை மீறி இழுக்கின்றது. மட்டையின் முகம் அணுவளவு திரும்பினும் பந்து பல கஜம் நெறி தவறுகின்றது. ஆகவே, வலக்கைச் சிறுவிரலை இடக்கைச் சுட்டுவிரலின்மேல் படியவைத்து, இரு கைகளையும் ஒரு கைபோல இயக்கும் பிடியை மேற்கொண்டார். உடலை விறைப்பாக்காமல் நிமிர்ந்து நின்றார். தலையை அசையாது நிறுத்தினார். மட்டையைச் செங்குத்தாக உயர்த்தி இறக்கினார். பந்து வானளாவ எழும்பி, குறித்த இடத்தில் மெத்தென வீழ்ந்து, அதிகம் உருளாது நின்றது.

இப்பிடியை முதன்முதல் கண்டவர் வார்டன் அல்லர் என்பதையும் கூறுதல் கடன். ஸ்காட்லாந்து நாட்டு ஜானி லெய்ட்லே என்பார் இவருக்கு முன்னரே அவ்வாறு பிடித்தார். இவர் காலத்து டெய்லரும் அவ்வாறே பிடித்தார். ஆயினும், அதன் பயனைத் தம் வெற்றிகளால் உலகிற்கு விளங்கச் செய்தவர் இவரே ஆதலின், அது வார்டன் பிடி என்றே பெயர் பெற்றது. பெயர் சென்று சேருமிடம் எப்பொழுதும் முதலில் கண்டவரிடம் அன்று.

1896-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டு களத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி நடைபெற்றது. முந்திய இரண்டு ஆண்டுகளிலும் வென்ற ஜே. ஹெச். டெய்லர் மூன்றாம் முறையும் வெல்லுவார் என யாவரும் எதிர்பார்த்தனர். வார்டன் கடைசிக் குழிக்கு வந்தபொழுது, நான்கு அடிகளில் முடித்தால் வெற்றி, ஐந்தில் முடித்தால் டெய்லரோடு சமநிலை என்ற நிலை நேர்ந்தது. குழிக்கு முன்னே பெரும் மணற்பள்ளம் ஒன்று கிடந்தது. அதனைத் தாண்டி ஓங்கி அடித்தால் அன்றே வெற்றி கிட்டலாம். பந்து பள்ளத்தில் வீழ்ந்தால் யாவும் இழக்கநேரும். வார்டன் அவாவை அடக்கினார். பள்ளத்திற்கு இப்பாலே பந்தை நிறுத்தி, ஐந்து அடிகளில் முடித்தார். இருவரும் 316 அடிகளில் சமநிலை எய்தினர். பின்னர் நிகழ்ந்த 36 குழித் தனியாட்டத்தில் வார்டன் 157 அடிகளிலும், டெய்லர் 161 அடிகளிலும் முடித்தனர். ஓரடியை மிச்சம் பிடிக்க எண்ணி மூன்றடியை இழக்கும் ஆட்டக்காரர் பலர். வார்டன் அவ்வினத்தைச் சேர்ந்தவரல்லர்.

1898-லும் 1899-லும் மீண்டும் அவரே வென்றார். 1900-இல் ஒரு பந்து வணிக நிறுவனத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்று, எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிக் காட்டினார். சிகாகோவில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியிலும் 313 அடிகளில் முடித்து, டெய்லரை இரண்டடியில் வென்றார். பாஸ்டன் நகரத்துப் பெருங்கடை ஒன்றில் வலை கட்டி, அதனுள் பந்தடித்துக் காட்டுமாறு இவரை நிறுத்தினர். ஒரே வலையில் ஓயாது அடிப்பதில் சலிப்புற்ற வார்டன், மேற்கூரையில் நீட்டிக்கொண்டிருந்த தீயணைப்புக் குழாயின் முனையைக் குறிவைத்து அடிக்கலானார் என்றும், கடை வெள்ளக்காடாகிவிடுமென அஞ்சிய மேலாளர் ஓடிவந்து தடுத்தார் என்றும் கூறுவர்.

புகழ் இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்க, உடல் தளரலாயிற்று. 1903-ஆம் ஆண்டு பிரஸ்ட்விக் களத்தில் ஓப்பன் போட்டி நடைபெற்றபொழுது அவர் நோயுற்றிருந்தார். கடைசிச் சுற்றில் தலை சுழன்றது. ஆட்டத்தை முடிக்குமுன் மயங்கி வீழ்ந்துவிடுவோமோ என அஞ்சினார். ஆயினும் 300 அடிகளில் முடித்து நான்காம் முறையாக வென்றார். இரண்டாம் இடம் பெற்றவர் 306 அடிகளில் முடித்த டாம் வார்டன், அவருடைய தம்பி. சில திங்களில் நோய் காசம் எனத் தெளிந்தது. நார்ஃபோக் கடற்கரையில் மண்ட்ஸ்லி என்னுமிடத்துக் காசநோய் மருத்துவமனையில் பலகாலம் தங்க நேர்ந்தது. அக்காலத்தில் அந்நோய்க்கு ஓய்வும் தூய காற்றுமன்றி வேறு மருந்தில்லை.

உயிர் பிழைத்தார். ஆனால், மீண்டு வந்தபொழுது வலக்கை பழைய கையாயில்லை. இருநூறு கஜம் அடிக்கும்பொழுது எக்குறையும் தோன்றவில்லை. குழிக்கு அருகே நின்று, மூன்று நான்கு அடித் தொலைவுக்குப் பந்தை மெல்ல உருட்ட முற்படும்பொழுதோ, வலக்கை தன்னையறியாமல் துள்ளிற்று. குழந்தையும் தள்ளிவிடக்கூடிய பந்து குழியை விலகி ஓடிற்று. கை துள்ளப்போவதை அவர் முன்கூட்டியே உணர்வார், அத்துள்ளல் வருமுன் அடித்துவிட விரைவார், விரைந்தமையாலேயே தவறுவார். பெரிய அடிகளில் மிச்சம் பிடித்தவற்றைச் சிறிய அடிகளில் இழந்தார். சாண் தொலைவு அடியும் ஓரடியே என்ற விதியின் கொடுமை அப்பொழுதுதான் அவருக்கு முழுவதும் புலனாயிற்று. ஏழாண்டுகள் ஓப்பன் வெற்றி கிட்டவில்லை.

அவர் ஆட்டத்தைக் கைவிட்டாரல்லர். 1905-இல் கோல்ஃப் ஆட்டமுறை பற்றி விரிவான நூலொன்று எழுதினார். புதிதாகப் பயில்வோர் ஒரே நாளில் எல்லா மட்டைகளையும் எடுத்து வீசுதல் கூடாது. ஆசிரியர் ஒருவரை அடுத்து, ஒவ்வொரு மட்டையாகப் பழகி, கை பண்பட்ட பின்னரே போட்டியில் இறங்கவேண்டும் என்பது அதில் அவர் வற்புறுத்திய கருத்து. சிறிய அடியில் தமக்கு நேரும் தவற்றை ஈடுசெய்ய, பெரிய அடிகளைக் குழிக்கு மேலும் அருகே கொண்டு சேர்க்க முயன்றார். 1911-இல், தம் 41-ஆம் வயதில், சாண்ட்விச் களத்தில் ஐந்தாம் முறை வென்றார். 1914-இல் மீண்டும் பிரஸ்ட்விக் களம். கடைசிச் சுற்றுத் தொடங்கும்பொழுது டெய்லர் இரண்டடி முன்னிலையில் இருந்தார். இருவரும் ஒன்றாகவே ஆடினர், பெருங்கூட்டம் நெருக்கிற்று. முடிவில் வார்டன் 306, டெய்லர் 309. ஆறாம் முறை பெற்ற அவ்வெற்றியின் எண்ணிக்கையை இன்றளவும் எவரும் மிஞ்சவில்லை.

இதற்கிடையே, 1913-இல், அமெரிக்காவில் புரூக்லைன் களத்து ஓப்பன் போட்டியில் அவர் தோற்ற வரலாறும் அறியத்தக்கது. வார்டன், ஜெர்சித் தீவினராகிய டெட் ரே, அமெரிக்க இளைஞர் பிரான்சிஸ் விமெட் ஆகிய மூவரும் சமநிலையில் நின்றனர். விமெட்டுக்கு வயது 20. அக்களத்துக்கு எதிர் வீட்டில் வளர்ந்தவர். அங்கேயே பிறர் மட்டைகளைச் சுமந்து ஆட்டம் பயின்றவர். மழையில் நனைந்த களத்தில் நிகழ்ந்த தனியாட்டத்தில் விமெட் 72, வார்டன் 77, ரே 78 அடிகளில் முடித்தனர். மட்டை சுமந்த ஒரு சிறுவன் குரூவில் புல்வெளியிலிருந்து எழுந்தான். மற்றொருவன் எழுந்து அவனை வென்றான். உலகப் புகழ் பெற்றவரை வென்ற விமெட்டின் வெற்றியால், செல்வர் ஆட்டம் என எண்ணப்பட்ட கோல்ஃப் அமெரிக்காவில் எளியோரிடையேயும் பரவிற்று.

1920-இல், ஐம்பது வயது நிரம்பிய வார்டன், டொலீடோ நகரில் மீண்டும் அமெரிக்க ஓப்பன் போட்டியில் கலந்துகொண்டார். கடைசிச் சுற்றின் பிற்பகுதி வரை அவரே முன்னணியில் நின்றார். அப்பொழுது ஏரிப்பக்கமிருந்து கடுங்காற்று எழுந்தது. முதுமையும் களைப்பும் சூழ்ந்தன. சிறிய அடிகளில் வலக்கை மீண்டும் காட்டிக்கொடுத்தது. டெட் ரே 295 அடிகளில் வென்றார், வார்டன் 296. ஓரடியே வேறுபாடு.

எஞ்சிய நாள்களை இலண்டனை அடுத்த டாட்டரிட்ஜ் என்னுமிடத்தில், தென் ஹெர்ட்ஸ் கழகத்தில் மாணவர்க்கு ஆட்டம் பயிற்றுவித்துக் கழித்தார். 1937-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் அவர் பெயரால் விருது ஒன்றை ஏற்படுத்திற்று. 1947 முதல் அவ்விருது, ஆண்டு முழுவதும் ஆடிய சுற்றுகளில் சராசரியாக மிகக் குறைந்த அடிகளில் முடித்தவருக்கு வழங்கப்பட்டு வருகின்றது.