கழற்றிப் பூட்டிய மேதை ஜி. டி. நாயுடு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

உலகில் பிறந்தோர் பலர், வாழ்ந்தோர் சிலர், மறைந்த பின்னும் பிறர்க்கு வழிகாட்டுவோர் மிகச் சிலரே. அந்த மிகச் சிலருள் ஒருவர் கோவை மண் ஈன்ற ஜி. டி. நாயுடு அவர்கள். பள்ளி நாட்களில் அவரைப் பற்றித் தேர்வுக்காகப் படித்தேன், எழுதினேன், மறந்தேன். மறந்த அவரை மீண்டும் என் வீட்டுக்கு அழைத்து வந்தது ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். அப்பெரியாரின் வரலாற்றைச் சொல்லுமுன் அந்தக் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். வாசிப்போர் பொறுத்தருள்க.

பெட்டி வந்த கதை

எங்கள் வீடு ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறது. என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இருபத்தாறு ஆண்டுகள் ஓர் ஒலிபெருக்கி நிலையத்தில் வேலை பார்த்தார். வில்லியனூர்த் தேருக்கும் வீராம்பட்டினம் தேருக்கும் தென்னை மரம் ஏறிக் குழாய் கட்டியவர் அவர். சென்ற ஆண்டு அந்த நிலையம் மூடப்பட்டது. அப்பாவுக்கு வேலை போயிற்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அதுவரை சிறிதாகத் தெரிந்த கட்டணமும் பேருந்துக் காசும் திடீரென்று பெரிதாகத் தெரிந்தன. அந்த வேளையில் மாமா வந்தார். கைப்பேசி பழுது பார்க்கும் கடை ஒன்றில் மாதம் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஆள் தேவை என்றார். படிப்பை நிறுத்திவிட்டுச் சேர்ந்துவிடலாம் என்றார். அம்மா தயங்கியதைக் கண்டு, ஜி. டி. நாயுடு எந்தக் கல்லூரியில் படித்தார் என்று ஒரு கேள்வியும் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் நூலகத்தில் நாயுடுவின் வரலாற்றைத் தேடி எடுத்தேன்.

அந்த வாரமே, காந்தி வீதியில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கண்டோம். துருப்பிடித்த பெட்டி, மேலே இஎல்34 வால்வுகள் இரண்டு. அப்பா அதன் முன் நின்றவர் நகரவேயில்லை. அது ஓடினால் சிறு விழாக்களுக்குச் சொந்தமாக மைக் செட் வைக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து நான் சேர்த்து வைத்திருந்த 1,800 ரூபாய் அன்று கை மாறியது.

இளமையும் முதல் இயந்திரமும்

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர்மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தொடக்கப் பள்ளியோடு அவருடைய படிப்பு நின்றது. இந்த இடத்தைப் படித்தபோது மாமா வென்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆனால் அடுத்த பக்கம் வேறு செய்தி சொன்னது. ஒரு நாள் ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைக் கண்ட இளைஞர் நாயுடுவுக்கு உறக்கம் போயிற்று. அதுபோன்ற வண்டி ஒன்றை வாங்கியே தீருவது என்று கோவைக்குச் சென்றார்; உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார், ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார், மீண்டும் பூட்டினார். வண்டி ஓடியது.

கழற்றுவது யார்க்கும் எளிது. கழற்றியதை முன்போல் பூட்டி ஓடச் செய்வதே அறிவு. அவருடைய பிற்கால வாழ்வெல்லாம் இந்த ஒரு செயலில் அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையாகாது.

இதை நான் உணர்ந்தது பட்ட பிறகுதான். பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றிரவே, ஆவல் தாளாமல், உள்ளே திறந்துகூடப் பார்க்காமல் மின்சாரம் கொடுத்துவிட்டேன். முதலில் ஓர் இரைச்சல். இரண்டு நிமிடத்தில் ஒரு வால்வின் உள்ளே இருக்கும் தகடு செக்கச் செவேலென்று பழுத்தது. அடுப்பங்கரையில் இருந்த அப்பா வாசனையிலேயே கண்டுகொண்டு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் டிரான்ஸ்பார்மர் கருகியிருக்கும். அதைப் புதிதாகச் சுற்றுவதற்குப் பெட்டியின் விலையைவிட அதிகம் ஆகும். அப்பா என்னைத் திட்டவில்லை. அன்றிரவு நான் உறங்கவுமில்லை.

பேருந்தும் தொழிலும்

நாயுடுவும் தவறாதவர் அல்லர். பருத்தி வணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய்க்குச் சென்று அந்த வணிகத்திலேயே ஈட்டியதை இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவர் தமக்கு எது தெரியும் என்று எண்ணிப் பார்த்தார். இயந்திரம் தெரியும், அதையே பற்றிக்கொண்டார். ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் 1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பேருந்து யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. யு. எம். எஸ். என்றால் அந்நாளில் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை.

பொருள் சேர்ந்ததும் அவர் ஓய்ந்துவிடவில்லை. மேலை நாடுகளுக்குச் சென்றார், தொழிற்சாலைகளைக் கண்டார், கண்டதைக் கற்றார். மின்கலத்தில் ஓடும் ரசாண்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவருடைய கைவண்ணம் விரிந்துகொண்டே போயிற்று. கேமராவைத் தோளில் சுமந்து காந்தியடிகளையும் நேருவையும் படம் பிடித்தார். இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தையும் படமாக்கினார். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் அவரைப் பெரிதும் மதித்தார்.

எழுபது ரூபாய் வானொலி

என்னை மிகவும் கவர்ந்தது 1941ஆம் ஆண்டுச் செய்தி. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று நாயுடு அவ்வாண்டில் அறிவித்தார். வானொலி என்பது வசதி படைத்தோர் வீட்டுக் கூடத்தில் மட்டும் இருந்த காலம் அது.

ஐந்து வால்வுகளும் பொதுவாக என்ன செய்யும்? முதல் வால்வு நாம் தேடும் நிலையத்தின் அலையை ஒரு நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றும். இரண்டாவது அதைப் பெருக்கும். மூன்றாவது அதிலிருந்து ஒலியைப் பிரித்தெடுத்துச் சிறிது வலுவூட்டும். நான்காவது ஒலிபெருக்கியை அசைக்கும் ஆற்றலைத் தரும். ஐந்தாவது வீட்டு மாறு மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கி மற்ற நான்குக்கும் சோறு போடும்.

இதைப் படித்துவிட்டு எங்கள் பெட்டியைத் திறந்தேன். அந்த வானொலியின் பிற்பாதியே அங்கே பெரிய உருவில் உட்கார்ந்திருந்தது! ஒலிக்கு வலுவூட்டும் சிறு வால்வு, ஆற்றல் தரும் இரட்டை வால்வுகள், மின்னோட்டத்தைத் திருத்தும் வால்வு. நாயுடு எழுபது ரூபாய்க்குள் அடக்க நினைத்த கலையின் ஒரு பகுதி என் மடியில் கிடந்தது.

தகடு ஏன் சிவந்தது? அப்பாவுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எந்தக் கண்டன்சரை மாற்ற வேண்டும் என்று கையால் தொட்டுக் காட்டினார். காரணத்தை என் வகுப்புக் குறிப்பேடு சொன்னது. வால்வின் கிரிட் கேதோடை விட எதிர் மின்னழுத்தத்தில் இருந்தால்தான் மின்னோட்டம் அடங்கியிருக்கும். முன் வால்வின் உயர் அழுத்தம் கிரிட்டை எட்டாமல் தடுப்பது இடையில் உள்ள கண்டன்சர். பழைய காகிதக் கண்டன்சர் நாளடைவில் கசியும்; கசிந்தால் கிரிட் நேர் மின்னழுத்தம் பெறும்; மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாயும்; தகடு பழுக்கும். அப்பாவின் விரல் காட்டிய இடமும் என் புத்தகம் காட்டிய இடமும் ஒன்றாகவே இருந்தன.

கற்பித்த நாயுடு

நாயுடு 1944இல் தம் பேருந்துத் தொழிலின் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் பொருள் வழங்கும் அறப்பணிகளில் ஈடுபட்டார். அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோவையில் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அக்கல்லூரியே இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. தொடக்கப் பள்ளியைத் தாண்டாத நாயுடு அவர்களே 1945இல் அதன் முதல்வராக அமர்ந்தார்!

ஆனால் அங்கும் அவர் நெடுநாள் இருக்கவில்லை. பொறியியலுக்கு நான்கு ஆண்டு என்பது மாணவரின் காலத்தை வீணாக்குவது, செயல்முறையோடு கற்பித்தால் இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசு ஏற்கவில்லை; அவர் பதவியைத் துறந்தார். இதைப் படித்தபோது மாமாவின் பக்கமும் சிறிது நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டேன். புத்தகத்தோடு நின்றுவிடும் கல்வியை நாயுடு மதிக்கவில்லை. ஆயினும் அவர் வெறுத்தது கல்வியை அன்று. கை படாத கல்வியையே வெறுத்தார். கல்வியே வேண்டாம் என்று எண்ணியவர் கல்லூரி தோன்றப் பொருள் கொடுத்திருப்பாரா?

கிடைக்காத உரிமம்

பெரியோர் வாழ்விலும் தோல்வி உண்டு. 1952இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் காரை நாயுடு உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய்தான். அதைப் பெருமளவில் செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை; வேலை நின்றது. அந்தக் கார் நம் தெருக்களில் ஓடியிருந்தால் எத்தனை குடும்பங்கள் பயன் பெற்றிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது. அவரோ வருந்தி உட்காரவில்லை. வேளாண்மையில் ஆய்வு செய்தார். தொழிற் பொருட்காட்சி அமைத்தார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் இவ்வுலகை நீத்தார். அவர் பெயர் மங்கவில்லை. கோவை அவிநாசி சாலையில் 2025இல் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பூட்டிய பெட்டி

நாயுடுவின் மோட்டார் சைக்கிளை மனத்தில் வைத்துக்கொண்டு எங்கள் பெட்டியைக் கழற்றினோம். ஒரு கம்பியை எடுக்குமுன் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று நோட்டில் வரைந்தேன். திருகாணிகளை எண் போட்ட தீப்பெட்டிகளில் அப்பா பத்திரப்படுத்தினார். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டன்சரில் நானூறு வோல்ட் வரை தங்கியிருக்கலாம். அதை ஒரு மின்தடை வழியே வடித்த பிறகே கை வைத்தோம். மின்சாரம் ஓடும்போது சோதிக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அப்பாவிடம் கற்றேன். அது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத பாடம்.

கசிந்த கண்டன்சர்களையும், இரைச்சலுக்குக் காரணமான உலர்ந்த ஃபில்டர் கண்டன்சர்களையும் மாற்றிப் புதியவற்றைப் பற்றவைத்தோம். மூன்று ஞாயிறுகள் கழிந்தன. நான்காம் ஞாயிறு, நூறு வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுத்தோம். உள்ளே பழுது இருந்தால் பல்பு முழு ஒளியோடு எரிந்து பெட்டியைக் காக்கும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் கெடும் என்பதால் அதையும் முதலிலேயே இணைத்திருந்தோம். பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு மெல்ல மங்கியது. வால்வுகளில் இளஞ்சிவப்பாக இழை மட்டும் ஒளிர்ந்தது. தகடு கருமையாகவே இருந்தது. மீட்டரால் அளந்தேன். கிரிட்டில் இருக்கக் கூடாத அழுத்தம் இல்லை.

பிறகு பல்பை விலக்கி நேராக இணைத்தோம். அப்பா மைக்கைக் கையில் எடுத்தார். திருவிழாக்களில் எண்ணுவது போல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நான்கு என்று சொல்லத் தொடங்கியவருக்குக் குரல் வரவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார்.

அடுத்த மாதம் எங்கள் தெருவில் நடந்த காது குத்து விழாவில் அந்தப் பெட்டி பாடியது. வந்திருந்த மாமாவிடம் விடையைச் சொன்னேன்: நாயுடு எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, ஆனால் ஒரு கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தார். மாமா சிறிது நேரம் யோசித்தார். பிறகு சனி, ஞாயிறு மட்டும் வர முடியுமா என்று அந்தக் கடையில் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். இப்போது அவ்விரு நாட்களும் அங்கே வேலை. மற்ற ஐந்து நாட்களும் கல்லூரி.

முதலாண்டில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதியிருந்தேன். இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்தில் ஒலிபெருக்கிக் கலைஞர் என்று எழுதினேன். எழுதத் துணிவு தந்தது நாயுடுவின் வரலாறு.

மாணவ நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் படிக்காத கை ஒன்று இருக்கிறது. அந்தக் கை அறிந்ததை நம் புத்தகம் அறியாது. நம் புத்தகம் அறிந்ததை அந்தக் கை அறியாது. இரண்டையும் ஒன்றாகப் பூட்டியவர் ஜி. டி. நாயுடு. அவர் வழியில் நாமும் கழற்றிப் பார்ப்போம். கழற்றியதைப் பொறுப்போடு பூட்டுவோம்!